ஒரு நாளைக்குச் சந்தாபுராக்காரி

வெளிநாடு போய் வந்தேன் என்று சொன்னால் தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஓசூரில் முப்பத்தோரு வருடம் ஒரே கம்பெனியின் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவன் நான். எல்லையில் இருக்கும் ஜூஜூவாடியைத் தாண்டிக் கடைப் பலகைகளில் எழுத்து மாறினாலே எனக்கு வெளிநாடுதான். அதுவும் ஒரு சின்னப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு போனால் அமெரிக்கா தூரம்.

போன இடம், பெங்களூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நீர் விளையாட்டுப் பூங்கா. கூட வந்தவள் என் பேத்தி நேத்ரா. வயது ஒன்பது, நான்காம் வகுப்பை முடித்துவிட்டு லீவில் இருந்தாள். அவள் அம்மா கவிதா என் ஒரே மகள். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை. முன்பு கர்நாடகப் பக்கம் சந்தாபுராவில் குடியிருந்தார்கள். மருமகனுக்குப் புனேயில் வேலை கிடைத்ததும், தாயும் பிள்ளையும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். மனைவி போன பிறகு நான்கு வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்ட வீடு அது. பிள்ளை வந்த பிறகுதான் டிவி சத்தத்துக்கு மேல் வேறு சத்தம் கேட்டது.

பயணம் என்னவோ ஒரு நாள்தான். அதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்த காரணத்தைப் புரிந்துகொள்ள, போன தேர்த் திருவிழாவைச் சொல்லியாக வேண்டும். அன்று கூட்டத்தில் அவள் கையை விட்டுவிட்டேன். மோர் வாங்கக் காசு எடுக்கப் பைக்குள் கை விட்டேன், அவ்வளவுதான் நான் செய்தது. பத்து நிமிடம் கழித்து, பலூன்காரன் பக்கத்தில் அழுதுகொண்டு நின்றவளைக் கவிதாதான் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளிக்கூடம். அதற்கு மேல் பிள்ளையை என்னோடு தனியாக அனுப்பியதில்லை.

போதாக்குறைக்குத் திருப்பத்தூரிலிருந்து சம்பந்தியம்மா போன் போட்டுக்கொண்டே இருந்தார். பேத்தியைத் தன்னிடம் விடச் சொல்லி. கவிதாவும் அரை மனதாக இருந்தாள்.

"ஜூன்ல ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்ப்பா. அங்க பெரியம்மா, அத்தைன்னு வீட்டுல நாலு பேரு இருக்காங்க. இங்க எனக்கு நைட் ஷிப்ட் போட்டா நீங்க ஒருத்தருதான். உங்கள நம்பாம இல்ல..." என்று இழுத்தாள்.

'நம்பாம இல்ல' என்றால் நம்பவில்லை என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரியாதா?

இந்த நேரம் பார்த்து நேத்ராவின் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்தப் பூங்காவுக்குப் போய் வந்து கதை அளந்துவிட்டார்கள். அம்மாவுக்கு லீவு இல்லை, அப்பா ஊரில் இல்லை. கெலவரப்பள்ளி டேமுக்கு வேண்டுமானால் தாத்தாவோடு போய் வா என்றாள் கவிதா. "அங்க தண்ணிய விட நுரைதான்மா ஜாஸ்தி" என்றாள் பேத்தி. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

கவிதா ரொம்ப நேரம் என்னைப் பார்த்தாள். "கைய விடக் கூடாது. நல்லபடியா கூட்டிட்டு வந்து சேருங்க. அப்பறம் ஜூனப் பத்திப் பேசிக்கலாம்" என்றாள். பரீட்சை என்று அவள் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. தோற்றால் பிள்ளை திருப்பத்தூர், நான் பழையபடி டிவி.

இது புதன்கிழமை நடந்தது. வெள்ளிக்கிழமை போவதாக முடிவு.

கம்பெனியில் நான் பாதுகாப்புக் கமிட்டியிலும் இருந்தவன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாக் டிரில் நடத்துவோம். சைரன் ஊதுவோம்; எல்லோரும் போட்டது போட்டபடி ஓடிப்போய்ப் பச்சைப் பலகைக்குக் கீழே வரிசையில் நிற்க வேண்டும். உண்மையிலேயே தீப்பிடித்தால் யோசிக்க நேரமிருக்காது, கால் தானாகப் போக வேண்டும் என்பதுதான் அதன் தத்துவம். பேத்திக்கும் அதையே செய்தேன். தொலைந்துபோனால் என்ன செய்வாய்? அழமாட்டேன், ஓடமாட்டேன், காக்கிச் சட்டை போட்ட செக்யூரிட்டியிடம் போய் நின்று அம்மா பெயரும் போன் நம்பரும் சொல்வேன். வியாழக்கிழமை மட்டும் ஆறு தடவை கேட்டேன். குளியலறைக் கதவைத் தட்டி ஒரு தடவை கேட்டேன். பிசகில்லாமல் சொன்னாள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். சிக்கனம் என்னை விடவில்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை, ஆனால் அங்கே கர்நாடக விலாசம் போட்ட அட்டை காட்ட வேண்டும். நேத்ராவின் ஆதார் அட்டையில் இன்னும் பழைய சந்தாபுரா விலாசம்தான் இருக்கிறது, யாரும் மாற்றவில்லை. பிள்ளை கன்னடமும் அங்கேயே பிறந்து வளர்ந்ததுபோல் பேசுவாள், பேசக் கற்றதே அங்கேதானே. போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். மிச்சமாவதில் உள்ளே ஒரு ஐஸ்கிரீம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கண்டக்டர் ஆனேன். "யாவ ஊரு புட்டி?" எந்த ஊர் கண்ணு என்பதுதான்.

"சந்தாபுரா சார்."

"யார் இது?"

"தாத்தா. லீவுக்குக் கூட்டிட்டுப் போறாரு."

பிரமாதம். ராத்திரிச் சாப்பாட்டில் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, போகிற போக்கில், "ஆமா பாப்பா, நம்ம ஊரு எது?" என்றேன்.

"ஓசூர்."

"போச்சு! கண்டக்டரும் இப்படித்தான் சும்மா கேக்கற மாதிரி கேப்பான். யாரு கேட்டாலும் சந்தாபுரா. நானே கேட்டாலும் சந்தாபுரா. வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டற வரைக்கும் நீ சந்தாபுராக்காரி. புரியுதா?"

புரிந்தது என்று தலையாட்டினாள். கவிதா அப்போது ஓவர்டைமில் இருந்தாள். வீட்டில் இருந்திருந்தால் கரண்டியால் போட்டிருப்பாள்.

வெள்ளிக்கிழமை விடியலில் தக்காளி சாதம் கிளறி, முட்டை அவித்து, இரண்டு டப்பாவில் அடைத்தேன். முதல் ஷிப்டுக்குப் போகக் கம்பெனி பஸ் ஏறும்போது கவிதா மறுபடியும் "கைய விடாதீங்க" என்றாள். ஷிப்ட் முடியும்வரை போன் லாக்கரில்தான் இருக்கும், உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். "ஒன்னுன்னா கேட் நம்பருக்குப் பண்ணுங்க. ஆனா சும்மா பண்ணாதீங்கப்பா, லைன விட்டு எந்திரிச்சா ரிஜிஸ்டர்ல எழுதுவாங்க. நான் இன்னும் கான்ட்ராக்ட்டுதான்."

அந்த நம்பரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன். எல்லை தாண்டி அத்திப்பள்ளி போய்ச் சேர்வதற்குள் பை மேல் நான்கு தடவை கை வைத்துப் பார்த்திருப்பேன்.

அங்கே கர்நாடகா பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் அட்டையைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. அவர் பாட்டுக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஊர் எது என்று கேட்கக்கூட இல்லை. இதற்காகவா துண்டெல்லாம் போட்டு நடித்தேன் என்று ஆகிவிட்டது.

எங்களுக்கு முன் சீட்டில் கிருஷ்ணகிரியிலிருந்து வந்த ஷகிலா என்ற பெண் இருந்தார். கணவருக்கு மாங்காய் மண்டி. சீசன் நேரத்தில் அவர் அசையமாட்டார் என்பதால் இரண்டு பெண் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு தானே கிளம்பிவிட்டாராம். அவரும் அதே பூங்காவுக்குத்தான் போகிறார் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. "நீங்க ஏன் ஐயா இப்படி வேர்த்துக் கொட்டறீங்க? சுகரா?" என்று கேட்டார். சுகர்தான் என்று சொல்லிவைத்தேன்.

ஆண்டவனுக்கு என்ன கோபமோ, பஸ் நின்றது. ஏதோ பெல்ட் அறுந்துவிட்டது. பெங்களூர் வரைக்கும் எத்தனையோ இடம் இருக்க, அது நின்றது சரியாகச் சந்தாபுராவில்.

எல்லோரையும் அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்கச் சொன்ன கண்டக்டர், நேத்ராவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து கன்னடத்தில் சொன்னார். "உங்க ஊர்லயே நின்னுடுச்சு பாரு புட்டி. வெயில்ல ஏன் நிக்கறே? வீட்டுக்குப் போய்த் தண்ணி குடிச்சுட்டு வா. அடுத்த பஸ் வர அரை மணி ஆகும்."

அவள் இருந்த வீட்டில் இப்போது யார் இருக்கிறார்களோ தெரியாது. நேத்ரா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு கண்டக்டரிடம் திரும்பி, கன்னடத்திலேயே, "வீடு பூட்டியிருக்கு சார். சாவி அம்மாகிட்ட இருக்கு. அம்மா வேலைக்குப் போயிருக்காங்க" என்றாள்.

நான் சொல்லிக் கொடுக்காத பொய். கண்டக்டர் உச்சுக் கொட்டி, தன் பாட்டிலிலிருந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். எனக்கு முதலில் பெருமையாக இருந்தது. பிள்ளை இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாளே, இதற்கு விதை போட்டது யார்? யோசிக்காமல் இருக்க முட்டை டப்பாவைத் திறந்தேன்.

பூங்கா வாசலுக்கு நாங்கள் போனபோது பதினொன்றைத் தொட்டுவிட்டது. வெளிச் சாப்பாடு உள்ளே போகக்கூடாது என்று எழுதிப் போட்டிருந்தது. கொட்ட மனம் வருமா? வாசலுக்கு எதிரே புங்கமரத்து நிழலில் எங்களைப்போல் ஏழெட்டுக் குடும்பம், மத்தியானச் சாப்பாட்டை அந்த நேரத்துக்கே உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த, மண்டியா ஊர்க்காரக் குடும்பம் ஒன்று நிப்பட்டு கொடுத்தது. நம் தட்டை மாதிரிதான், காரம் கொஞ்சம் தூக்கல். ஷகிலா வீட்டுக் குஷ்கா எங்கள் டப்பாவுக்கும், என் தக்காளி சாதம் அவர் டப்பாவுக்கும் மாறியது. "ஆம்பள கை சமையல்னு சொல்லவே முடியாது ஐயா" என்றார். அந்த நாளில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

அந்த மண்டியாப் பெரியவர் தன் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "உள்ளே போனதும் பையைப் பார்க்காதே, பிள்ளையைப் பார். பை போனால் வாங்கிக்கொள்ளலாம்." எனக்கே சொன்னதுபோல் இருந்தது. நேத்ராவின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "தாத்தா, வலிக்குது" என்றாள்.

உள்ளே போன பிறகுதான், எந்தக் கமிட்டி ஆசாமிக்கும் தோன்றாத ஓர் ஓட்டை என் திட்டத்தில் இருந்தது தெரிந்தது. தண்ணீரில் இறங்க நைலான் உடை மாற்றி, ஷவரில் நனைந்து வர வேண்டும். உடை மாற்றும் அறை, பெண்களுக்குத் தனி. கையை விடமாட்டேன் என்று சத்தியம் செய்த தாத்தா, அந்த வாசலில் கையை விட்டுத்தான் ஆக வேண்டும்.

"எங்கூட வரட்டும் ஐயா, என் புள்ளைங்களோட புள்ளையா பாத்துக்கறேன்" என்றார் ஷகிலா. கைகூப்பி அனுப்பிவைத்தேன். வாசலுக்கு நேரே, கண் கொட்டாமல் நின்றேன். பத்து நிமிடம் ஆனது. ஷகிலா சின்னவளின் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"பாப்பா எங்கங்க?" என்றேன்.

"அவ அப்பவே மாத்திட்டு வெளிய வந்துட்டாளே? தாத்தா நிப்பாருன்னு சொல்லிட்டு ஓடுனா." அவர் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த அறைக்குக் குளத்துப் பக்கம் இன்னொரு வாசல்.

அந்த இருபது நிமிடத்தை எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. குளத்துப் பக்கம் ஓடினேன். அங்கே நூறு பிள்ளைகள், நூறு பேர் உடம்பிலும் அதே நீல நைலான் உடை. மஞ்சள் சட்டை போட்ட பெண்ணைப் பார்த்தீர்களா என்று பார்ப்பவர்களையெல்லாம் கேட்டேன். மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டுத்தான் அவள் போயிருக்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அலைக்குளத்தில் சங்கு ஊதி அலை கிளம்பியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். ஒவ்வொரு கத்தலும் அவள் குரலாகவே கேட்டது. முழங்கால்வரை பேண்ட் நனைய, நீல உடை போட்ட யார் பெற்ற பிள்ளையையோ தோளைத் தொட்டுத் திருப்பி, அதன் அப்பாவிடம் திட்டு வாங்கினேன். திருப்பத்தூரும் ஜூனும் எல்லாம் மறந்துவிட்டது. கிடைத்தால் போதும், யாரிடம் வேண்டுமானாலும் வளரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஷகிலாதான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "ஐயா, ஓடாதீங்க. ஆபீஸ்ல போய்க் கேப்போம்."

அலுவலக அறைக் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டேன். நாற்காலியில் கால் தொங்க, நேராக உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நான் இல்லை என்றதும் நேராகக் காக்கிச் சட்டையிடம் போய் நின்று, அம்மா பெயரும் நம்பரும் சொல்லியிருக்கிறாள். என் டிரில்படி இம்மி பிசகவில்லை. உள்ளே ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பொறுப்பாளர் அம்மா, காக்கி உடுப்பு, கண்டிப்பான முகம். என்னை அழவிட்டார். பிறகு கன்னடத்தில் கேட்டார்: "நீங்கள் யார்? எந்த ஊர்?"

"தாத்தாங்க. இவ அம்மாவுக்கு அப்பா. ஓசூர். எங்க வீட்லதான் இருக்கா, எங்க ஊர்லதான் படிக்கறா."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தார். "குழந்தை சந்தாபுரா என்று சொல்லியிருக்கிறாளே?" என்றவர், நேத்ராவிடம் திரும்பி மெதுவாக, "யாவ ஊரு புட்டி?" என்றார்.

அதே கேள்வி. என் துண்டு மட்டும்தான் இல்லை.

"சந்தாபுரா மேடம்" என்றாள் நேத்ரா.

"பாப்பா, இல்ல கண்ணு. இப்ப நெஜத்தச் சொல்லு. நம்ம ஊரு எது?"

அவள் என் கண்ணுக்குள் பார்த்தாள். சாம்பார் ஊற்றும்போது கேட்ட அதே தாத்தா, அதே சும்மாக் கேள்வி. இந்தத் தடவை ஏமாறுவாளா? "சந்தாபுரா" என்றாள், கொஞ்சம் சிரிப்போடு.

"பாப்பா, டிரில் முடிஞ்சுபோச்சு!"

"இன்னும் வீட்டுக்குப் போகலையே தாத்தா."

நான் தமிழில் ஏதோ சொல்லிக்கொடுப்பதாகத்தான் அந்தம்மாவுக்குத் தோன்றியிருக்கும். நாற்காலியை எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் நகர்த்திப் போட்டார். அட்டையைக் கேட்டார். பிள்ளையின் அட்டையில் சந்தாபுரா, என் அட்டையில் ஓசூர். தாத்தா என்றுதானே கூப்பிடுகிறாள் என்று ஷகிலா வாதாடினார். "எங்கள் பக்கம் வயதான எல்லோரும் தாத்தாதான்" என்றார் அந்தம்மா. ஷகிலாவுக்கு என்னை எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டதற்கு, பாவம், அவர் "காலைலேர்ந்து" என்று உண்மையைச் சொன்னார். என்னுடையது பட்டன் போன். பேத்தியோடு எடுத்த ஒரு படம்கூட அதில் இல்லை.

"அம்மாவுக்கு மூன்று முறை போன் அடித்துவிட்டோம். எடுக்கவில்லை. அவர் பேசட்டும். அதுவரை குழந்தை இங்கேதான் இருப்பாள்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ஊர் மாற்றிச் சொல்லும் ஓர் ஆளிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்?

சட்டைப் பையில் கேட் நம்பர் இருந்தது. ஷிப்ட் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. காத்திருந்தால் கவிதாவை லைனிலிருந்து எழுப்ப வேண்டாம், ரிஜிஸ்டரில் பெயர் ஏறாது. மூன்று மிஸ்டு காலுக்கு ஏதாவது கதை சொல்லிக்கொள்ளலாம். கூப்பிட்டால் அவளுக்குப் பேச்சு, எனக்கு எல்லாம் முடிந்தது. மானக்கேடாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: அந்த நிமிடத்திலும் ஒரு கதையைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அப்போது நேத்ரா இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டாள். ஏசி அறை, ஈர நைலான். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. குளிருகிறது என்றுகூட அவள் சொல்லவில்லை. அது டிரிலில் இல்லையே.

சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். "இது அவ கம்பெனி கேட் நம்பருங்க. கூப்பிடுங்க."

கேட்டிலிருந்து சூப்பர்வைசர், சூப்பர்வைசரிலிருந்து லைன். அதற்குள் ஷகிலா தன் துப்பட்டாவைப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டார். ஸ்பீக்கரில் கவிதாவின் குரல் வந்தது, ஓடிவந்த மூச்சோடு. அந்தம்மா நிதானமாகச் சொன்னார்: குழந்தை பத்திரமாக இருக்கிறாள், ஆனால் அவள் ஓர் ஊர் சொல்கிறாள், பெரியவர் ஓர் ஊர் சொல்கிறார்.

மறுமுனையில் மெஷின் ஓடுவது கேட்டது. பிறகு கவிதா கன்னடத்தில் தெளிவாகச் சொன்னாள்: "மேடம், அட்டையில் சந்தாபுரா. இருப்பது ஓசூரில். அவர் என் அப்பா. என் பெண் பொய் சொல்கிறவள் இல்லை. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்."

யாரோ. அந்தம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பா" என்றாள் கவிதா தமிழில். "பஸ்ஸுக்காகவா?"

"ஆமாம்மா."

போன் வைத்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு பூங்காவில் என்ன பார்த்தோம் என்று கேட்டால், நான் பார்த்தது ஒரே ஒரு தலையை. டிக்கெட் வாங்கியாயிற்று, பிள்ளை விளையாட வேண்டும். நானும் நீல உடை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, தொப்பை தெரிய, அலைக்குளத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சங்கு ஊதும்போதெல்லாம் அவள் கத்தினாள், நானும் கத்தினேன். அவள் சந்தோஷத்தில் கத்தினாள். மிச்சம் பிடித்து வாங்குவதாக இருந்த ஐஸ்கிரீமை வாங்கிக் கொடுத்தேன். எனக்கு ஒரு வாய் நீட்டினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கும் டிக்கெட் கேட்டேன். "தாத்தா, கார்டு இருக்கே!" என்று காதில் கிசுகிசுத்தாள். "இருக்கட்டும் கண்ணு" என்றேன். கண்டக்டர் அரை டிக்கெட் கொடுத்தார். பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஷகிலாவுக்குக் கும்பிடு போட்டுப் பிரிந்தோம். "மக கோவமா இருந்தா எனக்குப் போன் போடச் சொல்லுங்க ஐயா, கதவு ரெண்டு இருந்தத கவனிக்காதது என் தப்பும்தான்" என்றார். அவர் நல்ல மனதுக்கு அப்படிச் சொன்னார். எத்தனை கதவு இருந்தாலும் அந்தப் பொய் என்னுடையது.

வீட்டு வாசலில் கவிதா நின்றுகொண்டிருந்தாள். நேத்ரா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, நிமிர்ந்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவள்போல் சொன்னாள்: "இப்ப ஓசூர்!"

கவிதா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. தோசை ஊற்றித் தட்டை வைத்தாள். திட்டியிருந்தால் தேவலை. படுத்த பிறகு, திருப்பத்தூருக்கு எந்த நேரத்தில் பஸ், வாரம் ஒரு தடவை போய்ப் பார்க்க விடுவார்களா என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். கண் மூடவில்லை.

சனிக்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கவிதா என் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"அனுப்பிடலாம்னுதான் நேத்து சாயந்திரம் வரைக்கும் நெனச்சேன்."

"ம்."

"தொலஞ்சப்ப அழாம செக்யூரிட்டிகிட்டப் போய் நிக்கணும்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நான்தாம்மா."

"அதுவும் நீங்கதான், பொய்யும் நீங்கதான். நீங்க என்ன சொன்னாலும் உசுரா புடிச்சுக்கறாப்பா அவ. தேர்ல தொலஞ்ச அன்னிக்கு எப்படி அழுதா? நேத்து ஒரு சொட்டு அழல." அவள் கைப்பையைத் திறந்தாள். "சூப்பர்வைசர் எழுதிட்டாரு. அத நான் பாத்துக்கறேன். நீங்க இதப் பாருங்க."

மேசைமேல் வரிசையாக வைத்தாள்: நேத்ராவின் அட்டை, தன் அட்டையின் நகல், எங்கள் வீட்டுக் கரண்ட் பில்.

"அவ அட்ரஸ மாத்திட்டு வாங்க. இந்த வீட்டு அட்ரஸ். இனிமே அவளுக்கு ஒரு ஊருதான். திருப்பத்தூர்ல நான் பேசிக்கறேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பஸ் ஹாரன் அடித்தது. "கைய விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆதார் மையத்தில் நல்ல கூட்டம். டோக்கன் வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் முறை வந்தபோது, கம்ப்யூட்டர் முன் இருந்த பெண் காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கேமராவுக்கு நேராக உட்காரச் சொன்னாள். பேச்சுக் கொடுப்பதற்காக, சிரித்துக்கொண்டே, போகிற போக்கில் கேட்டாள். "பாப்பா எந்த ஊரு?"

நேத்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு நாற்காலிக்கு அடியில் செருப்பு இரண்டையும் மெதுவாகக் கழற்றிவிட்டு, நிமிர்ந்து சொன்னாள்.

"ஓசூர்."